பலகையில் இரண்டு வரிசை எண்கள்

கரும்பலகையில் இரண்டு வரிசை எண்கள் இருந்தன. மேல் வரிசை: 148, 145, 150, 146. கீழ் வரிசை: 118, 121, 116, 119. இரண்டும் ஒரே காரின் எஞ்சினில், நாலு சிலிண்டரிலும், ஒரே கேஜை வைத்து எடுத்த கம்ப்ரஷன் அளவுகள். மேல் வரிசையை எழுதியவன் பெரியவன். சில வாரம் கழித்து, சற்று முன்புதான் கீழ் வரிசையை எழுதியவன் சின்னவன். இருவரும் அண்ணன் தம்பி. பட்டறை அவர்களுடைய அப்பாவுடையது.

சின்னவன் சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றான். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் வால்வைச் சந்தேகப்படலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு இறங்கியிருந்தால் நடுவில் காற்றை அடைக்கும் தகடு, கேஸ்கெட், விட்டுவிட்டது என்று பேச்சை முடித்துவிடலாம். இங்கே நாலும் பேசி வைத்துக்கொண்டதுபோலச் சேர்ந்து ஏறக்குறைய முப்பது பவுண்டு இறங்கியிருந்தன. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் விரலைத் தள்ளுமே, கம்ப்ரஷன் என்பது அதுதான். பம்பின் உள்ளே இருக்கும் தோல் வளையம் தேய்ந்திருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். விரலில் அழுத்தமே தெரியாது. எஞ்சினில் தோலுக்குப் பதில் பிஸ்டனைச் சுற்றி இரும்பு ரிங்குகள். விரலுக்குப் பதில் கேஜ். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைத் திருகி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட்டால், உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டும்.

கார் ஒரு பல் டாக்டரம்மாவுடையது. முதலில் வந்தபோது சைலன்சரில் நீலப் புகை. பெரியவன் கம்ப்ரஷன் அளந்தான்; நன்றாக இருந்தது. எஞ்சின் ஆரோக்கியம், டர்போதான் எண்ணெய் கக்குகிறது என்று முடிவானது. சின்னவன் டர்போவை மாற்றினான். புகை அடங்கியது. டாக்டரம்மா ஓட்டிக்கொண்டு போனார். இப்போது திரும்பி வந்திருக்கிறார். இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்கிறது, எண்ணெய் மூடியைத் திறந்தால் அடுப்பு மாதிரி ஆவி வருகிறது.

"பல்லைப் புடுங்கினப்புறம் வலி ஜாஸ்தியானா என்கிட்ட வரவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போயிருந்தார்.

அந்தப் பட்டறையில் அப்பா வைத்த வழக்கம் ஒன்று உண்டு. வண்டி வரும்போது ஒருவன் அளக்க வேண்டும். வேலையை மற்றவன் செய்ய வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. அளந்தவன் எண்ணைப் பலகையில் எழுதுவான், மற்றவன் அதைப் பார்த்துக்கொள்வான், அவ்வளவுதான். பேசினால் ஒருவன் தப்பை மற்றவன் மூடி மறைப்பானாம். வண்டிக் கணக்கு முடியும்வரை எண்களை யாரும் அழிக்கவும் கூடாது. இப்படி வளர்ந்ததில், ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை செய்துகொண்டே அண்ணனும் தம்பியும் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருக்கப் பழகியிருந்தார்கள்.

அப்பா பலகைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்திப் பேசுபவர் அல்ல. காது மந்தமானவர்கள்கூட அவர் பேசும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

"எல்லாரையும் கூப்பிடு" என்றார்.

எல்லாரும் என்றால் லேத்துக்காரர், பெயிண்டர், அப்புறம் மின்னல். மின்னல் அங்கே எலக்ட்ரீசியன். ஒரு பல்பு மாற்றக் காலைப்பொழுது முழுவதையும் செலவழிப்பதால் அந்தப் பெயர். பெரியவன் கையைத் துணியில் துடைத்தபடி கடைசியாக வந்தான்.

"டர்போன்னா என்னடா?" என்று அப்பா அவனிடம் கேட்டார்.

"ஒரு தண்டுல ரெண்டு சக்கரம்பா. எஞ்சின் விடற புகை ஒரு சக்கரத்தைச் சுத்த வைக்கும். இன்னொண்ணு வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள தள்ளும்."

"பிளக்கைக் கழட்டி ஸ்டார்ட்டர்ல சுத்தும்போது புகை வருமா?"

"வராது."

"புகை வரலன்னா டர்போ சுத்துமா?"

"சும்மா கெடக்கும்."

"அப்ப டர்போவை மாத்தினா கம்ப்ரஷன் முள்ளு ஏறுமா, எறங்குமா?"

"ரெண்டும் ஆகாதுப்பா."

"நல்லாப் படிச்சிருக்கே." அப்பா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? அவன் வாயாலயே சொல்றான். அப்ப ரெண்டுல ஒண்ணு. இவன் அளக்காமலேயே மனசுக்குத் தோணின நம்பரை எழுதியிருக்கான். இல்ல, சின்னது டர்போ மாட்டும்போது குழாய்க்குள்ள மண்ணை விட்டு, அது சிலிண்டர் சுவரை அரைச்சுத் தின்னுருக்கு. ஒருத்தன் பொய்யன். இல்லாட்டி ஒருத்தன் கொலைகாரன். ரெண்டு பேரையும் வெச்சுக்க இங்க எடம் இல்ல. யாருன்னு அண்ணனும் தம்பியுமா நீங்களே பேசிச் சொல்லுங்க."

பேசிக்கொள்வது எப்படி என்று இருவருக்கும் தெரியாது. பெரியவன் தம்பியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றம்சாட்டல் எதுவும் இல்லை. இது எப்படி ஆகியிருக்கும் என்ற யோசனைதான் இருந்தது. அதுவே சின்னவனைப் பயமுறுத்தியது. யோசித்தால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான். மண் என்றுதான் கண்டுபிடிப்பான். குழாயை மாட்டியபோது நன்றாகத்தான் துடைத்தான். ஆனால் அதைப் பார்த்தவர் யார்?

"அன்னைக்கு அண்ணன் சீக்கிரம் கெளம்பிட்டான்பா" என்றான். "அண்ணிக்கு முடியலன்னு போன் வந்துச்சு."

பட்டறையில் எல்லாருக்கும் அது எந்த நாள் என்று தெரியும். அன்றுதான் அண்ணிக்குக் கரு கலைந்தது. பெரியவன் கேஜைக் கழற்றி, எண்களை எழுதி, கையைக்கூடக் கழுவாமல் ஓடினான்.

அப்பா தலையை ஆட்டினார். "ஓ, அன்னைக்கா. வீட்லயும் நிக்கல, கேஜ்லயும் நிக்கல."

மின்னலுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருமினான். லேத்துக்காரர் தரையைப் பார்த்தார்.

"அளந்தேன்பா" என்றான் பெரியவன். "நாலையும் அளந்துட்டுத்தான் போனேன்."

"சரி. இப்ப அளந்து காட்டு. உன் கையாலயே. மின்னலு, நீ முள்ளைப் பாத்துச் சத்தமாச் சொல்லு."

பெரியவன் முறைப்படி எல்லாம் செய்தான். எஞ்சினைச் சூடாக்கினான். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினான். இல்லாவிட்டால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டு அளவைக் கெடுக்கும். பிளக் நாலையும் கழற்றினான். ஆக்சிலேட்டரைக் கடைசிவரை அழுத்தச் சொல்லி பெயிண்டரை உள்ளே உட்கார வைத்தான். காற்று வரும் வழி முழுதாகத் திறக்காவிட்டால் நல்ல எஞ்சினும் நோஞ்சானாகத் தெரியும்.

"நூத்திப் பதினெட்டு" என்றான் மின்னல்.

அடுத்தது நூற்று இருபத்தொன்று. பெரியவன் கேஜைக் கழற்றி, ஊதிப் பார்த்து, மறுபடி திருகினான். அதே எண்தான். மூன்றாவதற்குப் போகும்போது அவன் காது மடல் சிவந்திருந்தது.

"போதும்" என்றார் அப்பா. "உன் நூத்தி அம்பது எங்கடா? வெயில்ல காஞ்சு போச்சா?"

"எனக்கு வெளங்கலப்பா. கொஞ்சம் டைம் குடுங்க, பாத்துச் சொல்றேன்."

"வெளங்காதவனுக்கு எதுக்குடா கேஜ்?" கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "சட்டையும் கடையோடதுதான். பேர் தச்சிருக்கு பாரு. கழட்டி வெச்சுட்டுப் போ."

பெரியவன் பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பனியனோடு, போக்குவரத்து நிறைந்த தெருவில் இறங்கி நடந்தான். யாரும் கூப்பிடவில்லை. அப்பா சட்டையை எடுத்து மின்னலிடம் எறிந்தார். "தொடைக்கறதுக்கு ஆகும்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பட்டறை காலியாக இருந்தபோது சின்னவன் காரிடம் போனான். அண்ணன் போய்விட்டான், எஞ்சின் அப்படியே நிற்கிறது. டாக்டரம்மாவுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். பொய்யன் போய்விட்டான் என்று சொன்னால் வண்டி இழுக்காது.

பொய்க் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். பேட்டரி சோர்ந்திருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அளவு குறையும். புது பேட்டரி மாட்டினான், முள் அதற்குமேல் ஏறவில்லை. கேஜ் பழுதோ என்று இன்னொரு காரில் மாட்டிப் பார்த்தான், சரியாகக் காட்டியது. டர்போ எஞ்சின்களில், திணித்து அனுப்பப்படும் காற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, பிஸ்டனுக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டிருப்பார்கள். அதனால் டர்போ இல்லாத எஞ்சினைவிட இதில் முள் தாழ்வாகத்தான் நிற்கும். ஆனால் அந்தத் தாழ்வான கணக்குப்படியே நூற்று நாற்பதுக்கு மேல் நிற்க வேண்டும். நூற்றுப் பதினெட்டு நோய்தான்.

பிறகு எண்ணெய்ச் சோதனை. காற்று ரிங் வழியாக நழுவுகிறதா, வால்வு வழியாக நழுவுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி அது. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் கீழே இறங்கி ரிங்கைச் சுற்றி நின்று இடைவெளியை அடைக்கும். வால்வுகள் மேலே இருப்பதால் எண்ணெய் அங்கே எட்டாது. விட்ட பிறகு முள் ஏறினால் தேய்ந்தது ரிங். ஏறாவிட்டால் வால்வு.

முதல் சிலிண்டரில் எண்ணெய் விட்டு, காருக்குள் சாய்ந்து, ஆக்சிலேட்டரை ஒரு கையால் கடைசிவரை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினான். வெளியே வந்து கேஜைப் பார்த்தான். நூற்று நாற்பத்தேழு.

இரண்டாவது, நூற்று நாற்பத்தைந்து. மூன்றாவது, நூற்று நாற்பத்தொன்பது. நாலாவது, நூற்று நாற்பத்தாறு.

பலகைக்குப் போய்க் கீழ் வரிசைக்குக் கீழே அவற்றை எழுதினான். எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது மேல் வரிசை கண்ணில் பட்டது. 148, 145, 150, 146.

அண்ணன் எடுத்த எண்கள், எண்ணெய் விட்ட எஞ்சினின் எண்கள். ஆனால் அண்ணன் எண்ணெய் விடவில்லை. அப்படியானால் விட்டது யார்?

விட்டது டர்போ. இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை, ஏனென்றால் அந்த எண்ணெயை அவன் கையாலேயே கொட்டியிருந்தான். டர்போவின் தண்டு எண்ணெயில் மிதந்துதான் சுற்றும். அந்த எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போகாமல் தடுக்கும் அடைப்பு தேய்ந்துபோயிருந்தது. பழைய டர்போவைக் கழற்றிய அன்று, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சாய்த்தபோது ஒரு டப்பா நிறைய எண்ணெய் வழிந்தது. அதைக் கொட்டிவிட்டுக் குழாய்களைப் பளபளவென்று துடைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வது வழக்கம் இல்லை.

ரிங்குகள் முன்பே தேய்ந்திருந்தன. டர்போ கக்கிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து நாலு சிலிண்டருக்கும் ஓயாமல் போய், தேய்ந்த ரிங்குகளைச் சுற்றி அடைத்துக்கொண்டே இருந்தது. அண்ணன் அளந்தபோது முள் உண்மையைத்தான் காட்டியது, எண்ணெய் பூசிய உண்மையை. புது டர்போ வந்ததும் எண்ணெய் நின்றது. சில நாள் ஓட்டத்தில் மிச்சம் எரிந்துபோனது. ரிங்கின் நிஜ முகம் தெரிந்தது. மண்ணும் இல்லை, பொய்யும் இல்லை.

இன்னொரு முறை உறுதி செய்துகொள்ள, பிளக் துளையில் காற்றுக் குழாயைப் பொருத்தி உள்ளே காற்றடித்தான். சைலன்சரில் காதை வைத்தான், சத்தமில்லை. அங்கே சீறினால் புகை வெளியேறும் வால்வு. காற்று வரும் குழாயில் வைத்தான், அங்கும் இல்லை. சீறினால் காற்று நுழையும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி இல்லை, வந்தால் கேஸ்கெட். எண்ணெய் மூடியைத் திறந்தான். பாம்பு மாதிரி சீறியது. ரிங்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

அப்பா அலுவலக அறை வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அப்பா, அண்ணன் பொய் சொல்லலப்பா. பழைய டர்போ விட்ட எண்ணெய்தான்..."

"தெரியும்."

சின்னவன் புரியாமல் பார்த்தான்.

"இன்டர்கூலர்லேர்ந்து ஒரு டப்பா எண்ணெய் கொட்டினியே, அப்ப நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். எண்ணெய் தீந்தா நம்பர் எறங்கும், வண்டி திரும்பி வரும்னு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்பா..."

"ஒரு மாசமா யார் வந்தாலும் பெரியவர் இருக்காரான்னுதான் கேக்கறாங்க. நான் வாசல்லயே உக்காந்திருக்கேன், என்னைத் தாண்டிப் போய் உன் அண்ணனைத் தேடறாங்க." பல்குச்சியைத் துப்பினார். "அவனுக்கு அளக்கத் தெரியும். உனக்குப் பயப்படத் தெரியும். எனக்கு எது வேணும்னு நான்தானே முடிவு பண்ணணும். நேத்து நீயும் உன் அண்ணி பேச்சை எடுத்துக் குடுத்தே. நான் கேக்கவே இல்லியே அதை."



வாசலில் நிழல் விழுந்தது. அண்ணி. கையில் துணிப்பை. மாமனாரைப் பார்க்காததுபோல நேராகக் கொழுந்தனிடம் வந்தாள். சின்னவன் திரும்பி, தான் எழுதிய கடைசி வரிசையை உள்ளங்கையால் அழித்தான். எதற்கு அழிக்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே கை அழித்துவிட்டது. அப்பா அதைக் கவனித்தார்.

"அவரோட ஸ்பேனர் செட்டு எடுக்க வந்தேன் தம்பி. அது அவர் வாங்கினது."

"எடுத்துக்கங்க அண்ணி."

அவள் எடுக்கவில்லை. "ராத்திரி பூரா உக்காந்து நம்பர் சொல்லிக்கிட்டே இருக்காரு. நூத்தி நாப்பத்தெட்டு, நூத்தி நாப்பத்தஞ்சுன்னு. அவருக்கே அவர் மேல சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை அந்தப் பதட்டத்துல நான் அளக்கலியோன்னு என்னையே கேக்கறாரு. நான் அப்ப ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்தேன், எனக்கு என்ன தெரியும்?"

சின்னவன் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பேண்ட்டில் தேய்த்தான்.

"காலையில பெரிய ரோட்டுல இருக்கற கார் கம்பெனியில போய்க் கேட்டாரு, எடுத்துக்கறோம்னாங்க. ஆனா அளக்காம எழுதறவராமேன்னு அந்த ஃபோர்மேன் கேட்டிருக்காரு. இங்கேர்ந்து யாராச்சும் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். அவரோட போன் நம்பர் குடுத்திருக்காரு. மாமாகிட்ட கேட்க மாட்டேன். நீங்க சொல்லுங்க. அவர் அளந்தாரா, இல்லியா?"

சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். வால்வு திறந்து மூடும் நேரம். சின்னவன் அப்பாவைப் பார்த்தான். அவர் மறித்து நிற்கவில்லை, முறைக்கவில்லை. புது வண்டியை ஓட்டிப் பார்க்கிறவரைப்போல, இது எப்படி இழுக்கிறது என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூட இல்லியே அண்ணி" என்றான். "எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. கனத்த பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வெளியே போனாள். தூக்கிக்கொடுக்க அவன் ஓரடி எடுத்து வைத்தான். அப்பா தொண்டையைச் செருமினார். நின்றுவிட்டான்.

"ஃபோர்மேன் என்னையும் கூப்பிடுவான்" என்றார் அப்பா. "கேட்டா என் சின்னப் பையன்கிட்டயே பேசுங்கன்னு குடுத்துடறேன். நீ இதேதான் சொல்லணும். என்ன?"

"சரிப்பா."

"சரி, அது போகட்டும். டாக்டரம்மா சாயங்காலம் வராங்க. வண்டிக்கு என்ன செய்யணும்? சொல்லு."

சின்னவன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். குரல் சீராக இருந்தது.

"நாலு சிலிண்டர்லயும் ரிங் தேஞ்சிருக்கு. டர்போ விட்ட எண்ணெய் அதை மறைச்சிருந்துது. எஞ்சினை எறக்கிப் பிஸ்டனை வெளிய எடுத்து, சிலிண்டர் சுவரை அளந்து, வட்டமா இருந்தா கல்லு போட்டுத் தேச்சுப் புது ரிங் மாட்டணும். வட்டம் கெட்டிருந்தா லேத்துல குடுத்துப் பெருசாக்கிப் பெரிய பிஸ்டன் போடணும். இனிமே டர்போ வண்டி புகையோட வந்தா, கேஜை மாட்டறதுக்கு முன்னாடி காத்துக் குழாயைக் கழட்டி உள்ள விரலை விட்டுப் பாக்கணும். எண்ணெய் இருந்தா அன்னைக்கு எடுக்கற கம்ப்ரஷனை நம்பக் கூடாது. டர்போவை மாத்தி, குழாயைத் தொடச்சு, எண்ணெய் எரிஞ்சு தீர்றவரைக்கும் ஓட்டிட்டு, அப்புறம் மறுபடி அளக்கணும்."